நாணயமில்லாத நாணயங்கள்

தமிழில் "நாணயம்" என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது. நம்பிக் காசு கொடுக்கத்தக்க மனிதரின் நேர்மையையும் குறிக்கிறது. இந்த இரண்டு பொருளையும் ஒருங்கே தாங்கி நின்ற காசு உலகில் ஒன்று உண்டென்றால், அது மெக்ஸிகோ நாட்டு வெள்ளிக் காசுதான். எட்டு ரியால் என்பது அதன் பெயர். மெக்ஸிகோவின் சுரங்கத்தில் பிறந்து, கடல் கடந்து, முன்பின் அறியாத தேசங்களிலெல்லாம் பார்த்தவுடன் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளப்பட்ட காசு அது. அந்தக் காசைத்தான் இன்று நம்பி வாங்க முடியவில்லை. பழைய மெக்ஸிகோ வெள்ளி என்று சொல்லித் தெருச் சந்தைகளிலும் இணைய விற்பனையிலும் வருகிறவற்றில் புதிய போலிகள் மலிந்துவிட்டன.

ஏமாந்தவர்களைக் கேட்டால், "கண்ணுக்கு நன்றாகத்தானே இருந்தது!" என்பார்கள். கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதைச் செய்தவன் அத்தனை பாடுபட்டிருக்கிறான்! பழங்காசு வாங்குவதில் கண்ணுக்குக் கடைசி இடம்தான் கொடுக்க வேண்டும். முதல் இடம் தராசுக்கு. ஆனால் போலிகள் பெருகுவதற்கு வாங்குபவரின் அறியாமை மட்டும் காரணமல்ல. ஏமாந்தவர் அதைத் தெரிந்துகொண்ட பிறகு, வாயைத் திறக்காமல் அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறாரே, அதுவும் காரணம். இதைப் பற்றித்தான் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை.

உலகம் சுற்றிய வெள்ளி

மெக்ஸிகோ நகரத்து நாணயச் சாலை 1535-ல் ஸ்பானிய அரச ஆணையால் ஏற்பட்டது. அமெரிக்கக் கண்டங்களிலேயே அதுதான் முதலாவது. 1732-ல் இயந்திரத்தில் அச்சிடப்பட்ட வட்டமான காசுகள் வெளிவந்தன. கடல் அலைகளின் மேல் முடிசூடிய இரண்டு தூண்கள், நடுவில் இரண்டு பூகோளங்கள், "இரண்டும் ஒன்றே" என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் ஆகியவை இதன் அடையாளம். 1772 முதல் அரசரின் தலை பொறிக்கப்பட்டது. ஸ்பெயினின் ஆட்சி 1821-ல் ஒழிந்த பிறகு, குடியரசு தன் சொந்தச் சின்னத்தைப் போட்டது: ஒரு பக்கம் கள்ளிச் செடியின் மேல் நின்று பாம்பைக் கவ்வும் கழுகு, மறு பக்கம் சூரியக் கதிர்களுக்கு நடுவே சுதந்திரக் குல்லாய்.

மூன்று வகைக்கும் எடை ஒன்றுதான்: 27 கிராமுக்குச் சற்றே மேல். மாற்றில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளியாக இருந்ததை 1772-ல் 903 ஆகவும், 1786-ல் 896 ஆகவும் ஸ்பானிய அரசாங்கமே இரகசியமாகக் குறைத்துவிட்டது. மாற்றைத் திருடிய குற்றத்துக்குப் பிரஜைகளைத் தண்டித்த அரசு, அதையே தான் செய்தபோது உலகத்துக்குச் சொல்லவில்லை. குடியரசு வந்ததும் மீண்டும் 903 ஆக்கியதோடு நில்லாமல், அதைக் காசின் முகத்திலேயே எழுதியும் வைத்தது. "10 தினேரோ 20 கிரானோ" என்பது அந்த எழுத்து. சுத்த வெள்ளிக்கு 12 தினேரோ. ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ. கணக்குப் போட்டால் 288-க்கு 260 பங்கு வரும். இன்றைய பித்தளைப் போலியிலும் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

1565-லிருந்து 1815 வரை மணிலாவுக்குச் சென்ற கப்பல்கள் இந்த வெள்ளியைச் சீனத்துக்குக் கொண்டுபோயின. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1857 வரை இது சட்டபூர்வமாகச் செல்லுபடியான காசு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1903-ல் நீரிணைக் குடியேற்ற டாலர் வரும் வரையில் மெக்ஸிகோ டாலர்தான் முக்கியமான காசு. அங்கே பிழைக்கச் சென்ற தமிழர்கள் அதை "வெள்ளி" என்றே அழைத்தார்கள். சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். மலேசியாவின் ரிங்கிட் என்ற பெயரும் இந்த வெள்ளியின் விளிம்பிலிருந்து வந்ததுதான்; மலாய் மொழியில் அதற்கு, ஓரத்தில் பல் பலாக இருப்பது என்று பொருள்.

தராசுக் காசின் கதை

இந்தக் காசின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1869-ல் மெக்ஸிகோ அரசாங்கம், பழைய குல்லாய்க் காசு நாகரிகமாக இல்லை என்று எண்ணி, புதிய பெசோவை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் தராசு, வாள், சட்டச் சுருள் ஆகியவற்றை அழகாகப் பொறித்தார்கள். எடை மாறவில்லை, மாற்றும் மாறவில்லை. ஆனால் சீன வியாபாரிகள், பழகிய முகம் இல்லையென்று அதைத் தள்ளுபடி விலைக்குத்தான் வாங்கினார்கள். 1873-ல் அரசாங்கம் பணிந்து, பழைய குல்லாயையே மீண்டும் அச்சிட்டது.

தராசின் படம் போட்ட காசைத் தராசில் வைத்துப் பார்க்காமல் தள்ளிவிட்டார்கள்! முகம் தெரிந்தால் போதும் என்ற அந்தப் பழக்கம்தான் இன்றைய போலிக்காரனின் மூலதனம். அவனுக்கு வெள்ளி தேவையில்லை. பழகிய முகம் ஒன்று இருந்தால் போதும்.

போலி என்பது புதிய தொழில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் உலோகம் உருக்கிச் சுத்திகரிக்கும் பொறுப்பிலிருந்த ரிடெல் என்ற இரசாயனப் பேராசிரியர், 1845-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நல்ல டாலரும் கெட்ட டாலருமாக நூற்றுக்கணக்கான காசுகளின் உருவங்கள் அதில் இருக்கின்றன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது அது. அந்தக் காலத்துப் போலிகளே இன்று சரித்திரப் பொருள்களாகி, சேகரிப்பவர்கள் அவற்றையும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதிலே தவறில்லை. ஆனால் அன்றைய போலிக்காரன் ஒரு ரூபாய் வெள்ளிக்குக் காலணா செம்பைக் கொடுத்து ஏமாற்றினான் என்று வைத்துக்கொண்டால், இன்றைய போலிக்காரன் இருநூறு வருஷங்களையே பொய்யாகச் செய்து விற்கிறான். நஷ்டமும் அதற்கேற்ப அதிகம். அரிய வருஷத்துக் காசுக்கு வெள்ளியின் விலையைப் போல் பல மடங்கு கொடுக்கிறார்களே, அத்தனையும் போகும்.

ஒரு தம்ளர் தண்ணீர்

கண்டுபிடிக்கும் வழிதான் என்ன? நிபுணர்களின் இரகசியம் எதுவும் இதில் இல்லை. சிறிய மின் தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும் நூலும் இருந்தால், பெரும்பாலான போலிகள் சமையலறையிலேயே பிடிபடும்.

முதலில் எடை. நல்ல எட்டு ரியால் 27.07 கிராம், புழங்கித் தேய்ந்தது 26½ அளவுக்கு வரலாம். 22, 23 என்று தராசு காட்டினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கெட்டிக்காரப் போலி எடையில் சரியாக இருக்கும். அதற்குத்தான் தண்ணீர். தம்ளரில் நீரை ஊற்றித் தராசின் மேல் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். நல்ல காசானால் தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்டும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3 வரும். அதுதான் இந்த மாற்று வெள்ளியின் அடர்த்தி. செம்புக்கு 9-ஐ ஒட்டி வரும். ஜெர்மன் சில்வருக்கும் பித்தளைக்கும் அதைவிடக் குறைவு. காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதுதான் இதன் பெருமை. ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்ததாகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது இதுதான். படித்ததை யாரும் செய்து பார்ப்பதில்லை.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, ஆட்டம் முடிந்தது. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது. சுண்டிப் பார்ப்பதும் அப்படித்தான். நல்ல வெள்ளி நீண்டு ஒலிக்கும். ஆனால் உள்ளே கீறல் விட்ட நல்ல காசு மொட்டையாகத் தட்டும். உரைகல்லும் அமிலமும் மேற்பரப்பைத்தான் சோதிக்கும். முலாம் கனமாக இருந்தால் எக்ஸ் கதிர்க் கருவியே ஏமாறும். மேலும் அமிலத்தைப் போட்டுப் பார்த்தபின், காசு நல்லதாகவே இருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்! தண்ணீரால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது விளிம்பு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் காசின் இரண்டு முகங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். விளிம்பைத் திருப்பிப் பார்ப்பவர் மிகச் சிலர். போலிக்காரனுக்கும் இது தெரியும். தூண் காசின் விளிம்பில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரிசை இருக்கும். தலை போட்ட காசின் விளிம்பில் வட்டமும் நீள்சதுரமும் மாறி மாறி வரும். முகங்களை அச்சடிப்பதற்கு முன்பே, வெறும் வில்லையை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே உருட்டி இந்த வேலையைச் செய்தார்கள். ஒவ்வொரு பட்டையும் பாதிச் சுற்றுக்கு மட்டும் வடிவத்தைப் பதிக்கும். இரண்டும் சந்திக்கும் இரண்டு இடங்களில், எதிரெதிராக, ஒரு வட்டம் இன்னொன்றின் மேல் ஏறியோ, நெருங்கி நசுங்கியோ இருக்கும். அன்றைய தொழிலாளியின் இந்தச் சிறு பிசகுதான் இன்று காசின் ஜாதகம். இன்றைய இயந்திரம் விளிம்பு முழுவதையும் பிசகில்லாமல் ஒரே சீராகச் செய்துவிடுகிறது, அதனாலேயே அகப்பட்டுக்கொள்கிறது. வார்ப்புப் போலியானால், விளிம்பின் நடுவே இரண்டு அச்சுகளும் சேர்ந்த கோடு தெரியும். அதை அரத்தால் தேய்த்திருந்தால் அரத்தின் கீறல் தெரியும்.

முகத்துக்குக் கடைசியில் வரலாம். மெக்ஸிகோ நகரத்து நாணயச் சாலையின் குறியுடன், அரசர் தலையோடு, 1772-க்கு முந்திய வருஷம் போட்ட எட்டு ரியால் கிடைத்தால், அது எந்தத் தராசில் தேறினாலும் பொய்தான். தூண் காசுகளில் 1754 வரையில் இரண்டு தூண்களின் கிரீடங்களும் ஒரே மாதிரி, அதன்பின் வெவ்வேறு. குடியரசுக் காசுகளில் நாணயச் சாலையின் குறியையும் மாற்றுப் பார்ப்பவரின் எழுத்தையும் வருஷத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மெக்ஸிகோ, ஸக்காடெக்காஸ், குவானஹுவாட்டோ, சிவாவா என்று பல ஊர்களில் அச்சிட்டார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டில் யார் பார்த்தார் என்பதற்கெல்லாம் பட்டியல்கள் உண்டு. போலிக்காரன் பட்டியலைப் பார்த்துச் சிரமப்படுவதில்லை.

இதையெல்லாம் விடத் திட்டமான அடையாளம் ஒன்று இருக்கிறது. இன்றைய நேர்த்தியான போலி, ஒரு நல்ல காசிலிருந்து அச்சு எடுத்துச் செய்யப்படுகிறது. அந்த நல்ல காசின் கன்னத்தில் ஒரு கீறலும் எழுத்தருகே ஒரு பள்ளமும் இருந்தால், அதன் பிள்ளைகள் அத்தனையிலும் அதே இடத்தில் அதே கீறலும் பள்ளமும் இருக்கும். இருநூறு வருஷங்கள் வெவ்வேறு சட்டைப் பைகளில் கிடந்த இரண்டு காசுகளுக்கு ஒரே தழும்பு எப்படி வரும்? ஒரு வியாபாரியிடம் ஒரே வருஷத்துக் காசுகள் பல இருந்தால், இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சீன வியாபாரிகள் சோதித்துக் குத்திய முத்திரைகள் இருப்பதை நற்சாட்சிப் பத்திரமாகப் பலர் நினைக்கிறார்கள். குத்துவதற்கு ஓர் உளியும் சுத்தியலும் போதுமே! குத்திய இடத்தில் உலோகம் இயல்பாக நெருங்கிப் பிதுங்கியிருக்கிறதா, காசோடு சேர்ந்து தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரையும் காசும் ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் அது முத்திரையே அல்ல.

அவசரத் தீர்ப்பு வேண்டாம்

அரைகுறை அறிவினால் நல்ல காசைப் போலி என்று தள்ளுகிற அநியாயமும் நடக்கிறது. நான்காவது சார்லஸின் பெயரோடு, இறந்துபோன மூன்றாவது சார்லஸின் முகம் போட்ட 1789, 1790-ஆம் வருஷத்துக் காசுகள் உண்மையானவை. புது அரசரின் உருவம் கடல் கடந்து வரும் வரையில் நாணயச் சாலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? பழைய முகத்துக்குப் புதுப் பெயரைப் போட்டு அடித்தார்கள். 1808-லும் இதே கஷ்டம். ஏழாவது பெர்டினான்டுக்குக் கவசம் அணிந்த கற்பனை முகம் ஒன்றையே செதுக்கிவிட்டார்கள். வார்த்தது என்றாலே போலி என்பதும் சரியல்ல. சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தபோது சிவாவா நகரத்து அரசாங்கச் சாலையே, மெக்ஸிகோ நகரத்துக் காசை மாதிரியாக வைத்து எட்டு ரியால்களை வார்த்து எடுத்து, அதிகாரிகளின் முத்திரையைக் குத்தி வெளியிட்டது.

1898 என்று வருஷம் போட்ட பெசோவின் கதை இன்னும் விசித்திரம். சீனத் தேசிய அரசாங்கத்துக்காக 1949-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட காசுகள் அந்தப் பழைய வருஷத்தையே போட்டு அச்சிடப்பட்டன. வெள்ளியும் சுத்தம், எடையும் சரி, அரசாங்க அனுமதியும் உண்டு. வருஷம் மட்டும் பொய். விளிம்பைச் சுற்றியுள்ள மணிகளைப் பொறுமையாக எண்ணினால், ஆதிக் காசில் 139, மறுபதிப்பில் 134. இதைப் போலி என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மறுபதிப்பு என்பதைச் சொல்லாமல் ஆதிக் காசின் விலைக்கு விற்பவரை வேறு என்னவென்று சொல்வது?

யார் தலையில் யார் கட்டுவது?

போலியைச் செய்கிறவன் எங்கோ ஒரு பட்டறையில் இருக்கிறான். அவனை வாங்குபவர் எவரும் பார்ப்பதில்லை. பார்ப்பது கடைசியாக விற்பவரைத்தான். அவர் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே: கொள்ளுத்தாத்தா சட்டியில் போட்டுப் புதைத்து வைத்தது, வீட்டை இடிக்கும்போது கிடைத்தது. மெக்ஸிகோவில் இந்தக் கதையை யாராலும் எளிதில் மறுக்க முடியாது. புரட்சிக் காலத்தில் ஆளுக்கொரு தலைவர் காகிதப் பணம் அச்சிட, ஜனங்கள் வெள்ளியை நிஜமாகவே ஒளித்து வைத்தார்கள். 1916-ல் கரான்ஸா அரசாங்கம் வெளியிட்ட நோட்டுகளுக்கு "போலி செய்ய முடியாதவை" என்றே பெயர்! அந்த வருஷம் முடிவதற்குள் அவை மதிப்பிழந்தன. மண்ணுக்குள் இருந்த வெள்ளிதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றிய காசை உண்மையாகவே வைத்திருக்கும் ஒரு கிழவி நாளைக்கு விற்கப் போனால், போலிகளைக் கண்டு பயந்த வியாபாரி உருக்கும் வெள்ளியின் விலைக்குத்தான் கேட்பான். போலியால் நஷ்டப்படுவது அதை வாங்கியவர் மட்டுமல்ல. நல்ல காசு வைத்திருப்பவரும்தான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1973-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பழங்காசின் நகலைத் தயாரித்தால், நகல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அதன் மேலேயே பொறிக்க வேண்டும். 2014-ல் அதை மேலும் இறுக்கி, விற்பவர்களையும், தெரிந்தே துணை போகிறவர்களையும் அதன் கீழ்க் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம்தான். இணைய விற்பனைக்கு எல்லை ஏது? பொறிக்காத சரக்கு வேறு தேசத்திலிருந்து தபாலில் வருகிறது. நகல் என்று சொல்லிச் சில்லறை விலைக்கு வாங்கியவரே, மறு மாதம் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு விற்கிறார். "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை" என்று சீட்டு ஒட்டி விற்பவரும் குற்றத்திலிருந்து தப்பிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். எடை போட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே எடை போடவில்லை!

ஆகவே சட்டத்தைவிட வாங்குபவர்களின் கட்டுப்பாடுதான் இங்கே பலிக்கும். எடையையும் அடர்த்தியையும் விளிம்பின் படத்தையும் தராத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை என்று நூறு பேர் தீர்மானித்தால், மற்றவர்கள் தராசு வாங்கத்தான் வேண்டும். திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளியின் விலைக்கும் குறைவாகப் பழைய வெள்ளிக் காசு கிடைக்கிறதென்றால், கொடுப்பவர் தர்மம் செய்யவில்லை என்பது தெரிய வேண்டாமா?

ஏமாந்துவிட்டால், காசைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பதுதான் முதல் வேலை. கிடைக்காவிட்டால், நகல் என்று அதன் விளிம்பில் அழுத்தமாகக் குத்திவிட்டு, நல்ல காசுகளோடு சேர்க்காமல் தனி உறையில் போட்டு, எடையையும் அடர்த்தியையும் வாங்கிய தேதியையும் அதன் மேல் எழுதி வைக்க வேண்டும். வைத்திருப்பவருக்குப் பிறகு பெட்டியைத் திறக்கப் போவது காசைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகளோ பேரன்களோதான்.